கம்பி திரும்பி வரும் இடம்

"அண்ணே, லீவரை அமுக்கி விட்டா மூணாவது கம்பி ஏறிப்போயிருது. கம்பியைத் தளர்த்தித்தானே விடுறேன், இறங்கத்தானே செய்யணும்?"

மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடியிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வாசிக்கப் போகும் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்தது ஜாஸ்மாஸ்டர் வகைக் கிட்டார். இடுப்பின் இரண்டு வளைவுகளும் எதிரெதிரே அமையாமல் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகச் சரிந்திருக்கும் உடல். சுரத்தை இறக்கி ஆட்டுவதற்கு ஒரு நீண்ட லீவர். லீவரோடு சேர்ந்து தானும் அசையும் பிரிட்ஜ். இந்த வகைக் கிட்டாரைப் பற்றி மதுரையில் மட்டுமல்ல, உலகம் முழுக்கச் சொல்லப்படும் குறை ஒன்றுதான்: சுருதி நிற்காது. அந்த இளைஞரின் கேள்விக்குச் சரியான விடை தெரிந்துவிட்டால், குறை எங்கே இருக்கிறது, கிட்டாரிலா நம் கையிலா என்பதும் தெரிந்துவிடும்.

கம்பியிலிருந்து தொடங்குவோம். இழுத்துக் கட்டிய கம்பியின் சுருதியை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: நீளம், எடை, இழுவிசை. பிரான்ஸைச் சேர்ந்த மரேன் மெர்சேன் 1636-இல் வெளியிட்ட நூலில் இந்த உறவை விதியாக எழுதிவைத்தார். நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரட்டிப்பாகும். அதாவது இழுவிசை ஒரு சதவீதம் மாறினால் அதிர்வெண் அரை சதவீதம் மாறும். அரை சதவீதம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கைச் சென்ட் என்கிறோம். அந்தக் கணக்கில் அரை சதவீதம் ஏறத்தாழ 9 சென்ட். பழகிய காது ஐந்தாறு சென்ட் விலகலையே பிடித்துவிடும்.

இப்போது கிட்டாருக்கு வருவோம். ஜாஸ்மாஸ்டரில் கம்பி ஒலிக்கும் பகுதி, அதாவது கழுத்தின் தலைமாட்டிலுள்ள நட்டிலிருந்து உடல்மேலுள்ள பிரிட்ஜ் வரை, 648 மில்லிமீட்டர். அதில் 0.010 அங்குலக் கம்பியை முதல் கம்பியாகப் போட்டு 330 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால், அதன் இழுவிசை சுமார் 7.4 கிலோ எடைக்குச் சமம். ஆறு கம்பிகளும் சேர்ந்து 47 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. நல்ல உயரமுள்ள பதினைந்து வயதுப் பையனின் எடையைத் தாங்கிக்கொண்டுதான் அந்த மெல்லிய மரக்கழுத்து ராத்திரி முழுக்கப் பாட்டு வாசிக்கிறது.

இழுவிசை வந்தால் எஃகுக் கம்பி நீளும். எவ்வளவு நீளும் என்பதில்தான் இந்தக் கதை இருக்கிறது. ஒலிக்கும் பகுதியோடு பிரிட்ஜுக்குப் பின்னாலும் நட்டுக்கு மேலேயும் உள்ளதையும் சேர்த்துக் கம்பியின் நீளத்தை 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சுருதிக்கு வருவதற்குள் முதல் கம்பி சுமார் 6 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். மூன்றாம் கம்பியோ, அதாவது 0.017 அங்குலத் தடிமனுள்ள சுற்றில்லாத கம்பி, வெறும் 2 மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும். அது தடித்தது, இழுவிசையோ ஏறத்தாழ அதே அளவு. தடித்த எஃகு அதே இழுப்புக்குக் குறைவாகத்தான் நீளும்.

இந்த இரண்டு மில்லிமீட்டரில் ஒரு தாளின் தடிமன் அளவு, அதாவது 0.1 மில்லிமீட்டர், எங்காவது மாட்டிக்கொண்டு திரும்பி வராமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மில்லிமீட்டரில் 0.1 என்றால் ஐந்து சதவீதம். இழுவிசை ஐந்து சதவீதம் மாறினால் சுருதி நாற்பது சென்ட்டுக்கு மேல் விலகும், கிட்டத்தட்ட கால்சுரம். அதே 0.1 மில்லிமீட்டர் முதல் கம்பியில் 15 சென்ட்தான். கிட்டார் வாசிக்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக மூன்றாம் கம்பியைத் திட்டுவதற்குக் காரணம் இதுதான். அந்தக் கம்பி மட்டமானதல்ல. மற்றவற்றைவிடக் கூர்மையான சாட்சி.

ஆக, கிட்டாரில் சுருதி போவது என்றால் பெரும்பாலும் கம்பி தளர்ந்துபோவதல்ல. அசைந்த கம்பி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வராமல் போவதுதான். லீவர் இல்லாத கிட்டாரில் கம்பி அதிகம் அசையாது. அதனால் குறை தெரியாது. லீவர் உள்ள கிட்டாரில் ஒவ்வொரு அமுக்கலிலும் ஆறு கம்பிகளும் சில மில்லிமீட்டர் பயணம் போய் வருகின்றன. போன வழியெல்லாம் உராய்வு.

அந்த உராய்வு எங்கே என்று தேடினால் முதலில் அகப்படுவது நட். கழுத்தின் தலைமாட்டில் ஆறு காடிகள் வெட்டிய அந்தச் சிறு எலும்புத் துண்டிலோ பிளாஸ்டிக் துண்டிலோ கம்பி வளைந்துதான் டியூனிங் கீக்குப் போகிறது. வளையும் இடத்தில் உராய்வு எப்படிப் பெருகும் என்பதற்கு லெயோனார்டு ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் தந்திருக்கிறார். அதை ஜல்லிக்கட்டு ஊர்களான அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் கணக்குப் போடாமலே அறிவார்கள்: காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரே ஆள் பிடித்து நிறுத்திவிடலாம். உராய்வுக் கெழு 0.3 என்றால் அந்த இரண்டு சுற்று, இழுப்பை நாற்பது மடங்குக்கு மேல் தாங்கும். நட்டில் இருப்பது இரண்டு சுற்றல்ல; ஒரு 8 டிகிரி வளைவு என்று கொள்வோம். கெழு 0.2. அதற்கே நட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள இழுவிசை 2.8 சதவீதம் வேறுபட்டாலும் கம்பி நழுவாமல் நிற்கும். அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு ஒலிக்கும் பகுதியில் தங்கினாலே காது கண்டுபிடித்துவிடும்.

இப்போது இளைஞரின் கேள்வி. லீவரை அமுக்கினால் நட்டுக்குக் கீழே, ஒலிக்கும் பகுதியில் கம்பி தளர்கிறது. நட்டுக்கு மேலே, கீ வரையிலான சிறு துண்டு இன்னும் முறுக்காகவே இருக்கிறது. வேறுபாடு உராய்வை மீறியதும் அந்தத் துண்டு கம்பியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. லீவரை விட்டதும் ஒலிக்கும் பகுதி மறுபடி முறுக்கேறுகிறது; இழுபட்டுப் போன கம்பியோ நட்டில் சிக்கி முழுக்கத் திரும்பவில்லை. அதே நீளத்தை இப்போது குறைந்த கம்பி நிரப்ப வேண்டும். அதனால் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறி நிற்கிறது. விரலால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசித்தால் நேர்மாறாக நடக்கும்: மேல்துண்டிலிருந்து கம்பி கீழே வந்துவிட்டு அங்கேயே தங்கிவிடும், சுருதி இறங்கி நிற்கும்.

இது வெறும் விளக்கம் அல்ல. நோயைக் கண்டுபிடிக்கும் வழியும்கூட. அமுக்கி விட்டால் ஏறுகிறது, இழுத்து விட்டால் இறங்குகிறது என்றால் குற்றவாளி நட். மேடையில் பாட்டுக்கு நடுவே கீயைத் திருப்ப நேரமில்லாதபோது, ஏறிய கம்பியை விரலால் ஒருமுறை பக்கவாட்டில் இழுத்துவிட்டால் இறங்கி வரும். இறங்கிய கம்பியை லீவரை லேசாக ஒருமுறை தட்டினால் ஏற்றிவிடலாம். அனுபவமுள்ளவர்கள் கை தானாகவே இதைச் செய்யும்.

நட்டுக்கான சிகிச்சை எளியது. காடி கம்பியைவிடச் சற்றே அகலமாகவும், கீயின் திசைக்கே சரிந்தும், அடிப்பகுதி வழவழப்பாகவும் இருக்க வேண்டும். மெல்லிய கம்பிக்கு வெட்டிய காடியில் தடித்த கம்பியைத் திணித்தால் அது கவ்விப் பிடித்துக்கொள்ளும். காடியில் பென்சில் கரியைத் தேய்ப்பது பழைய வழக்கம்; நல்ல வழக்கம். கரியிலுள்ள கிராபைட் அடுக்கடுக்காக வழுக்கும் பொருள். கீயில் கம்பியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவைப்பது தேவையில்லை. தடித்த கம்பிக்கு இரண்டு, மெல்லியதற்கு மூன்று போதும். ஒவ்வொரு கூடுதல் சுற்றும் மெல்ல இறுகி இடம்பெயரும் கம்பிதான். புதுக் கம்பி மாட்டினால் கையால் நன்றாக இழுத்து இழுத்துப் பழக்கிய பிறகே மேடையேற வேண்டும்.

நட் எல்லாக் கிட்டாருக்கும் பொது. ஜாஸ்மாஸ்டரின் தனிக்கதை மறுமுனையில் இருக்கிறது.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1958-இல் ஜாஸ்மாஸ்டரை வெளியிட்டது. உட்கார்ந்து வாசிக்கும் ஜாஸ் கலைஞர்களை மனதில் வைத்துத்தான் இடுப்பைச் சரித்தார்கள். 1962-இல் அதன் தம்பியாக ஜாகுவார் வந்தது. அதில் கம்பி நீளம் 610 மில்லிமீட்டர். ஜாஸ்காரர்கள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. கடலலைச் சறுக்குப் பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்தபோது சோனிக் யூத், மை பிளடி வேலன்டைன் போன்ற குழுக்கள் வாரிக்கொண்டன. மை பிளடி வேலன்டைனின் கெவின் ஷீல்ட்ஸ் லீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கம்பிகளை மீட்டி, ஒலி முழுவதும் அலையடிக்கும்படி வாசித்தவர். சுருதியே நிற்காத கருவியாக இருந்திருந்தால் அப்படி ஓர் இசை உருவாகியிருக்காது.

லியோ ஃபெண்டரின் யோசனையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. சாதாரணமாக லீவர் அசையும்போது கம்பி பிரிட்ஜின் மேல் வழுக்கி ஓடும், வழுக்கினால் உராய்வு. அவர் கம்பியை வழுக்கவே விடவில்லை. பிரிட்ஜுக்கு இரண்டு கால்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் கூர்முனைத் திருகு. அந்தக் கூர் ஓர் உலோகக் குவளைக்குள் நிற்கிறது. லீவரை அமுக்கினால் பின்னாலுள்ள வால்தகடு முன்னே சாய்கிறது, கம்பிகள் முன்னே நகர்கின்றன, பிரிட்ஜும் அவற்றோடு முன்னே ஆடுகிறது. விட்டால் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வருகின்றன. கம்பியும் அது படியும் காடியும் ஒன்றையொன்று தேய்ப்பதே இல்லை. வால்தகடு கத்திமுனை போன்ற விளிம்பில் நிற்பதால் அங்கேயும் உராய்வு மிகக் குறைவு. ஒரு தடித்த ஸ்பிரிங் அமுங்கி நின்று கம்பிகளின் 47 கிலோ இழுப்புக்கு ஈடுகொடுக்கிறது.

பிறகு ஏன் இத்தனை புகார்? 1958-இல் அந்தக் கிட்டாரில் தடித்த கம்பிகள் இருந்தன. இன்று பலரும் மெல்லிய கம்பி போடுகிறார்கள். இந்தப் பிரிட்ஜில் கம்பி மிகக் குறைந்த கோணத்தில்தான் வளைந்து பின்னால் இறங்குகிறது. கோணம் குறைந்தால் கம்பி பிரிட்ஜைக் கீழே அழுத்தும் விசையும் குறையும். 7 டிகிரி என்றால் ஒரு கம்பி சுமார் 900 கிராம் எடை அளவுக்குத்தான் அழுத்தும். 12 டிகிரியானால் ஒன்றரைக் கிலோ. அழுத்தம் போதாதபோது கம்பி காடியைவிட்டுத் துள்ளுகிறது, ரீங்கரிக்கிறது, பிரிட்ஜை இழுத்துச் செல்வதற்குப் பதிலாக அதன் மேலேயே வழுக்குகிறது. பிரிட்ஜ் பாதி ஆடி, கம்பி பாதி வழுக்கி, இரண்டும் தத்தம் இடத்துக்கு வராமல் நிற்கின்றன.

இதைக் கண்ட பலர் முதலில் செய்வது பிரிட்ஜின் கால்களில் தகடோ டேப்போ சுற்றி ஆடாமல் இறுக்கிவிடுவது. நான் இதை ஒப்புவதில்லை, காரணம் சொல்கிறேன். பிரிட்ஜ் நின்றுவிட்டால் கம்பி அதன் மேல் வழுக்கித்தான் ஆக வேண்டும். வழுக்கி ஓடுவதற்கென்றே மெருகேற்றிய காடிகளோடு செய்த பிரிட்ஜ் என்றால் சரி. அப்படிப்பட்டவை கடையில் கிடைக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனால் பழைய பிரிட்ஜின் காடிகள் திருகுபோல வரிவரியாக வெட்டியவை. அதன் மேல் கம்பியை ஓடவிட்டால் அரம்போல் பிடிக்கும். ஆடும் பிரிட்ஜ் ஆட வேண்டும், நிற்கும் பிரிட்ஜ் வழுக்க வேண்டும். நடுவில் நின்றால் சுருதி போகும்.

ஆடவிடுவது என்று முடிவு செய்தால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். முதல் வழி, கம்பியை ஒரு படி தடிப்பாக்குவது. 0.010-க்குப் பதில் 0.011 போட்டால் இழுவிசை 21 சதவீதம் கூடும். ஜாகுவாரில் நீளம் குறைவு என்பதால் அதே கம்பிக்கு இழுவிசை 11 சதவீதம் குறைகிறது. அங்கே தடித்த கம்பி இன்னும் அவசியம். இரண்டாவது வழி, கழுத்து உடலோடு சேரும் பள்ளத்தின் பின்பக்கத்தில் மெல்லிய மரச் சீவலை ஆப்பாக வைத்துக் கழுத்தை ஒரு டிகிரி பின்னுக்குச் சாய்ப்பது. அப்போது பிரிட்ஜைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் உயர்த்தலாம். பிரிட்ஜுக்கும் வால்தகட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கையகல நீளம்தான் இருப்பதால், அந்த மூன்று மில்லிமீட்டரே கோணத்தை நன்றாகக் கூட்டிவிடும். ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே இப்படி ஆப்பு வைத்ததுண்டு. இதைச் செய்து முடித்த கிட்டாரை மறுபடி கையில் எடுக்கும்போது வேறு கருவியை எடுத்ததுபோல் இருக்கும். எத்தனையோ பேர் பழி சுமத்தி விற்றுவிட்ட கிட்டார்களுக்கு இந்த ஒரு சீவல்தான் தேவைப்பட்டிருக்கிறது.

பிரிட்ஜின் உயரத் திருகுகள் அதிர்விலேயே சுழன்று இறங்கிவிடும் பழக்கம் உள்ளவை. ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்தால் நிற்கும். வேண்டும்போது திருப்பவும் முடியும்.

பிரிட்ஜ் சரியாகத் திரும்பவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஒரு கம்பி மட்டும் விலகினால் நட்டையோ அந்தக் கம்பியின் காடியையோ பார்க்க வேண்டும். ஆறும் சேர்ந்து ஒரே பக்கம் விலகினால், பிரிட்ஜ் சாய்ந்தபடி நின்றிருக்கிறது, அல்லது ஸ்பிரிங்கிலோ கத்திமுனையிலோ தடங்கல். கால்கள் குவளையின் நடுவில் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தாலே போதும்.

ஸ்பிரிங் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு கம்பிகளும் ஒரே ஸ்பிரிங்கை நம்பியிருப்பதால் ஒன்றுக்கு நேர்வது எல்லாவற்றுக்கும் நேரும். ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்கின் கை ஓங்கி மற்ற ஐந்தும் ஏறிவிடும். இதற்காகவே வால்தகட்டில் ஒரு சிறு நகரும் பொத்தான் வைத்தார்கள். பொத்தானைப் போட்டாலும் எடுத்தாலும் சுருதி மாறாத இடத்தில் ஸ்பிரிங்கின் திருகை நிறுத்திவைத்திருந்தால், கம்பி அறுந்ததும் லீவரைப் பழைய இடத்துக்கு அமுக்கிப் பொத்தானை நகர்த்திவிட்டு மிச்சப் பாட்டை வாசித்து முடிக்கலாம். சில மாடல்களில் இந்தப் பொத்தான் இருக்காது. வாங்கும்போது பார்த்துக்கொள்வது நல்லது.

இதே காரணத்தால் ஒரு கம்பியை இழுத்து வாசித்தால் வால்தகடு கொஞ்சம் முன்னே வந்து மற்ற ஐந்தும் லேசாக இறங்கும். மேலைப் பாணியில் இது பெரும்பாலும் கவனத்துக்கு வராது. நம் சங்கீதத்தில் வரும். ஆர். பிரசன்னா கிட்டாரிலும், மாண்டலின் ஸ்ரீனிவாஸ் தன் ஐந்து கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினிலும் கமகங்களை எவ்வளவு நுட்பமாகக் கொண்டுவர முடியும் என்று காட்டியவர்கள். ஸ்பிரிங்கில் மிதக்கும் கிட்டாரில் ஆதார ஷட்ஜத்தை ஒரு கம்பியில் மீட்டிக்கொண்டே இன்னொன்றில் இழுத்தால் அந்த ஆதாரமே அசையும். அப்படி வாசிக்க விரும்புகிறவருக்கு அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டாரையே சொல்வேன். வீணைக்காரர்களுக்கும் இழுப்பினால் சுருதி நகரும் தொல்லை உண்டு. பிரடை எனும் முறுக்காணியைத் தொடாமல் லங்கரை நகர்த்தி நுட்பமாகச் சரிசெய்யும் வசதியை நம் முன்னோர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக மதுரை வெயில். எஃகு சூடானால் நீளும்; மரம் நாரின் திசையில் அதைவிடக் குறைவாகவே நீளும். அசையாத பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் கம்பியும் மரமும் 10 டிகிரி சூடேறினால் மூன்றாம் கம்பி 25 சென்ட் அளவுக்கு இறங்கக்கூடும். மேடை விளக்கின் கீழே மெல்லிய கம்பி நொடிகளில் சூடாகும், தடித்த மரம் மெதுவாகத்தான் சூடாகும் என்பதால் விலகல் இன்னும் கூடும். இங்கே ஸ்பிரிங் உள்ள கிட்டாருக்கு ஒரு சாதகம் உண்டு: ஆறு கம்பிகளும் ஒன்றாக நீளும்போது ஸ்பிரிங் வால்தகட்டைப் பின்னே தள்ளி இழப்பின் ஒரு பகுதியைத் தானே ஈடுகட்டிவிடும்.

திருவிழாக்களில் பறையடிப்பவர்கள் வைக்கோலில் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். இரவுக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்த தோல், சூட்டில் ஈரம் இழந்து இறுகிச் சுருதி ஏறுகிறது. ஒரே சூடு பறையை ஏற்றுகிறது, கிட்டாரை இறக்குகிறது. தோலில் வேலை செய்வது ஈரம், எஃகில் வேலை செய்வது வெப்ப விரிவு. வீணையில் இன்னொரு விதம்: மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் கோடையில் மெழுகு இளகி மெட்டே நகரலாம். மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்தருகே உள்ள இசைத்தூண்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவற்றின் ஒலி இழுவிசையால் வருவதல்ல, கல்லின் விறைப்பாலும் வடிவத்தாலும் வருவது. இழுத்துக் கட்டிய எதற்கும் அந்தப் பாக்கியம் கிடையாது.

மேடைக்கு வந்ததும் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரமாவது அந்த இடத்தின் சூட்டுக்குப் பழகவிட வேண்டும். பிறகு கீழிருந்து மேலேற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும்; அப்போதுதான் கீயின் பற்சக்கரத்தில் தொய்வு மிஞ்சாது. ஒரு கம்பியை ஏற்றினால் மற்றவை இறங்கும் என்பதால் ஆறையும் ஒரு சுற்று முடித்து இரண்டாவது சுற்றும் வர வேண்டும். பிறகு லீவரை முழுக்க அமுக்கி விட்டு மூன்றாம் கம்பியை டியூனரில் பார்க்க வேண்டும். அதே கம்பியை விரலால் பலமாகப் பக்கவாட்டில் இழுத்து விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு தடவையும் முள் ஐந்து சென்ட்டுக்குள் நின்றால் வாசிக்கத் தொடங்கலாம். நிற்காவிட்டால் கீயைத் திருப்பிப் பயனில்லை. பென்சிலை எடுத்து நட்டுக்குப் போக வேண்டும்.